ஓய்வு வேறு, ஓய்ந்துபோதல் வேறு

ஏற்காட்டு மலையில் காபிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில், என்னுடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு மஞ்சக்குட்டையிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதவிருக்கும் பெண். சமவெளியில் ஓர் உறைவிடப் பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கிறாள். பொங்கலுக்குக் கிடைத்த மூன்று நாள் விடுமுறையில் இரண்டை மலையில் கழிக்கட்டும் என்று தாத்தா அழைத்து வந்திருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திண்ணையில் விலங்கியல் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தவள், பத்து மணிக்கும் அதே பக்கத்தில்தான் இருந்தாள். "சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே, கண்ணு" என்றேன். "பார்த்தால் ஏதோ தப்பு செய்வதுபோல் இருக்கிறது, தாத்தா. படித்தாலும் எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது" என்றாள்.

அவளுடைய கால அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். காலை 4.30-க்கு எழ வேண்டும். இரவு 11 மணிக்குப் படுக்க வேண்டும். இடையில் வகுப்பும் தனிப்படிப்புமாகப் பதினான்கு மணி நேரம். உணவு, குளியல், துணி துவைத்தல் எல்லாம் மீதி நேரத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'மாதிரித் தேர்வு' என்று எழுதியிருந்தது. கடைசி நான்கு மாதிரித் தேர்வுகளிலும் அவளுடைய மதிப்பெண் சிறிது சிறிதாக இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய மையத்தில் சொல்லப்பட்ட வழி, இரவில் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாகப் படிப்பது.

நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த அட்டவணை ஒரு பழைய பாடத்தை நினைவூட்டியது. அதைப் பற்றிப் பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேச வேண்டும் என்று தோன்றியது.

முதலில் களத்தின் அளவைப் பார்த்துவிடுவோம். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம். அவற்றிலும் நடுத்தரக் குடும்பம் கட்டணம் செலுத்திப் படிக்கக்கூடிய அரசு இடங்கள் ஒரு பகுதிதான். இதன் விளைவு, ஒரே தேர்வை இரண்டு முறை, மூன்று முறை எழுதுவது இயல்பாகிவிட்டது. தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடாக இருந்தது. 2020-21-இல் அது 71.42 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை கூறியது.

நீட் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைகள் ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வறைக்குள் நுழைகிறார்கள். அவர்களில் பலர் பதினேழு, பதினெட்டு வயதில், பள்ளித் தோழர்கள் இல்லாமல், விளையாட்டு இல்லாமல், படித்த பாடத்தையே மீண்டும் ஓராண்டு முழுவதும் படிப்பவர்கள். இன்றைய கேள்வி அவர்களைப் பற்றியது.

தமிழில் 'ஓய்' என்னும் ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் பிறக்கின்றன. ஒன்று ஓய்வு, மற்றொன்று ஓய்ந்துபோதல். முன்னது நாமே விரும்பி எடுத்துக்கொள்வது, எடுத்தபின் மீண்டு வருவது. பின்னது நம்மைக் கேளாமல் வந்து சேர்வது, எளிதில் மீள முடியாதது. 'பர்ன் அவுட்' என்று இன்று பேசப்படுவது இந்த ஓய்ந்துபோதலைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி வற்றிப்போன உணர்வு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி, அதன்மேல் கசப்புக் கொள்வது, திறன் குறைந்துவிட்டது என்ற எண்ணம். இது நோய் அன்று, பணியிடத்தின் நாள்பட்ட அழுத்தத்தால் விளையும் நிலை என்றும் அந்நிறுவனம் வரையறுத்தது. பணியிடத்தைக் குறித்த வரையறைதான் என்றாலும், அதன் மூன்று அடையாளங்களும் அன்று என் திண்ணையில் உட்கார்ந்திருந்தன. இரவெல்லாம் படுத்தும் களைப்பு நீங்காதது முதலாவது. மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் உயிரியல் புத்தகத்தை வெறுக்கத் தொடங்கியிருந்தது இரண்டாவது. "எனக்கு மூளையே இல்லை போலிருக்கிறது" என்றது மூன்றாவது.

சோம்பலையும் இதையும் பெரியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சோம்பல் உள்ளவன் புத்தகத்தைத் தொடமாட்டான். ஓய்ந்துபோனவன் புத்தகத்தை விட்டு எழவே மாட்டான்; ஆனால் படிப்பு நடக்காது.

இனி, அந்தப் பழைய பாடத்துக்கு வருகிறேன். பொருளாதாரத்தின் முதல் ஆண்டிலேயே கற்பிக்கப்படுவது குறைந்து செல் விளைவு விதி. ஒரு காணி நிலத்தில் ஒருவர் உழைத்தால் ஒரு மடங்கு விளையும். இரண்டாமவர் சேர்ந்தால் விளைச்சல் கூடும். ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவரும் கூட்டுகின்ற விளைச்சல் முன்னவர் கூட்டியதைவிடக் குறையும். இன்னும் சேர்த்தால், ஒருவர் காலை ஒருவர் மிதித்து மொத்த விளைச்சலே குறையும். நிலத்துக்குப் பொருந்துவது நேரத்துக்கும் பொருந்தும்.

இதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் நீண்ட நேரம் உழைத்தனர். போர்க்களத்துக்குக் குண்டுகள் உடனே தேவை. ஆகவே நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1915-இல் அமைக்கப்பட்ட ஓர் அரசுக் குழு அவர்களின் உழைப்பு நேரத்தையும் உற்பத்தியையும் பதிவு செய்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகு, ஜான் பென்கவெல் என்னும் ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் அந்தப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார். வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம்வரை உழைப்புக்கு ஏற்ப உற்பத்தி கூடியது. அதற்குமேல் கூட்டிய ஒவ்வொரு மணி நேரமும் முன்னதைவிடக் குறைவாகவே தந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. கூடுதலாக உழைத்த 14 மணி நேரம் கிட்டத்தட்ட வீண். ஞாயிறு ஓய்வு இல்லாத வாரங்களில் உற்பத்தி பாதிக்கப்பட்டதையும் அவர் கண்டார்.

அந்தப் பேத்தியின் அட்டவணையைக் கூட்டினால் வாரத்துக்கு 98 மணி நேரம் வருகிறது. குண்டு செய்யும் வேலையைவிடக் கரிம வேதியியலுக்குக் கூர்மையான மனம் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

நீட் தேர்வின் அமைப்பிலேயே சோர்வுக்கு ஒரு விலை பொறிக்கப்பட்டிருக்கிறது. 180 நிமிடங்களில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். தெரிந்த விடையைக் களைப்பால் மாற்றிக் குறித்துவிட்டால் இழப்பு 4 அன்று, 5. பத்து இடங்களில் அப்படி நேர்ந்தால் 50 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கே தரவரிசையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் தேர்வில் 50 மதிப்பெண் என்பது ஓராண்டு வாழ்க்கை. கூடுதலாகப் படித்த அரைமணி நேரம் எத்தனை மதிப்பெண்ணைத் தரும் என்று கணக்கிடுகிறோம். இழந்த அரைமணித் தூக்கம் எத்தனை மதிப்பெண்ணைத் தின்னும் என்று கணக்கிடுவதில்லை.

கற்றலைப் பற்றிய உளவியல் ஆய்வுகளும் இதையே கூறுகின்றன. நினைவாற்றலைச் சோதனை முறையில் முதன்முதலில் அளந்தவர்களில் ஒருவரான ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், 1885-இலேயே ஒரு செய்தியைக் கவனித்தார்: ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, அதே அளவு படிப்பை நாட்களிடையே பிரித்து இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் நினைவில் நிற்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளும் ஏறத்தாழ இதுதான். ஒரே நாளில் ஆயிரம் எறும்பு ஊர்ந்து கல் தேய்வதில்லை.

1924-இல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் இன்னொன்றைக் காட்டினர். படித்தவுடன் தூங்கியவர்களுக்கு நினைவில் நின்றது, படித்தபின் விழித்திருந்தவர்களுக்கு நின்றதைவிட அதிகம். பகலில் வாங்கிப் போட்டதை மூளை இரவில்தான் அடுக்கி வைக்கிறது என்று அதன்பின் வந்த ஆய்வுகள் விளக்கின. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். பதினான்கு மணி நேரம் நெல்லை வாங்கிக் குவித்துவிட்டுக் களஞ்சியத்தின் கதவைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பானது இது.

எங்கள் மலையில் இதைக் காபிச் செடி ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த காலந்தொட்டு, இங்குள்ளவர்கள் அதன் குணத்தை அறிவார்கள். நிழல் மரத்தைக் கழித்துவிட்டு முழு வெயிலில் விட்டால் செடி ஓராண்டு கிளை முறியக் காய்க்கும். பார்ப்பவர் மகிழ்வர். அடுத்த ஆண்டு கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும், விளைச்சல் விழுந்துவிடும். அதனால்தான் சில்வர் ஓக்கும் பலாவும் நிழலுக்கு நிற்கின்றன. பறிப்பு முடிந்ததும் கவாத்து செய்கிறார்கள். அதன்பின் சில வாரங்கள் மழையின்றி மொட்டுகள் அப்படியே உறங்கிக் கிடக்க வேண்டும். அந்த உறக்கம் உண்டு என்பதால்தான் கோடை மழை விழுந்த பத்து நாளில் மலை முழுதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது.

சரி, ஓய்வு என்றால் என்ன? அது மூன்று அளவில் தேவைப்படுகிறது. முதலாவது, படிப்புக்கு இடையிலான சிறு இடைவேளை. ஐம்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஊன்றிப் படித்தபின் பத்து நிமிடம் எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது, தொலைவிலுள்ள எதையாவது பார்ப்பது. இந்தப் பத்து நிமிடத்தில் கைப்பேசியைத் திறப்பது ஓய்வாகாது. கண்ணுக்கும் கவனத்துக்கும் அது இன்னொரு வேலை. இரண்டாவது, இரவுத் தூக்கம். நீட் தேர்வு நடப்பது பிற்பகல் 2 மணி முதல் 5 மணிவரை. நள்ளிரவில் விழிப்பாகவும் பிற்பகலில் அரைத்தூக்கத்திலும் இருக்கப் பழகிய மூளையைக் கொண்டுபோய்ப் பிற்பகல் தேர்வில் உட்கார வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள், அல்லது குறைந்தது அரை நாள். அந்த நேரத்தில் பாடம் இல்லை, மாதிரித் தேர்வு இல்லை, "எவ்வளவு முடித்தாய்" என்ற கேள்வியும் இல்லை. விளையாட்டு, சமையலறையில் அம்மாவுக்கு உதவி, பழைய தோழியுடன் பேச்சு, கோயில், பாட்டு என்று அவரவர் விருப்பப்படி கழியட்டும்.

இவையெல்லாம் மாணவர்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் ஏன் ஓய்வெடுப்பதில்லை என்பதுதான் உண்மையான சிக்கல்.

கிராமத்தில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பார். அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அவரும் எழுவார். சிறிது நேரத்தில் கூட்டம் முழுவதும் நின்றுகொண்டிருக்கும். முன்பு உட்கார்ந்து பார்த்த அதே கூத்தை இப்போது கால்கடுக்க நின்று பார்க்கிறார்கள். முன்னைவிட யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரியவில்லை. ஆனால் தனி ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குக் கூத்தே தெரியாது. நுழைவுத்தேர்வுப் போட்டியின் நிலை இதுதான். இடங்களின் எண்ணிக்கை மாறாது. எல்லோரும் பத்து மணி நேரம் படித்தாலும் பதினான்கு மணி நேரம் படித்தாலும் அதே எண்ணிக்கையினர்தான் சேர்வார்கள். இருந்தும், 'நான் தூங்கும் நேரத்தில் அடுத்தவன் படிக்கிறான்' என்ற அச்சம் ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைக்கிறது. அந்த அச்சத்தைத்தான் அவள் தப்பு செய்வதுபோல் இருக்கிறது என்றாள்.

இந்த அச்சத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். கல்லூரி விடுதியின் காப்பாளராக இருந்த காலத்தில், அதிகாலை மூன்று மணிக்கும் விளக்கு எரிந்த ஓர் அறையைச் சுட்டிக்காட்டி மற்ற மாணவர்களைக் கடிந்துகொண்டேன். ஒரு பருவம் முழுவதும் அந்த அறை என் வாயில் எடுத்துக்காட்டாக இருந்தது. அந்த மாணவன் இறுதித் தேர்வுக்கு முந்திய வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான், திரும்பி வரவில்லை. அவனுடைய தந்தை சான்றிதழ்களை வாங்க வந்தபோது, "ராத்திரியில் தூக்கமே இல்லை என்கிறான், சார்" என்று மட்டும் சொன்னார். அந்த விளக்கைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கக் கூடாது. கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

கூத்துக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார வேண்டுமானால் 'உட்காருங்கள்' என்று பொதுவாக ஒரு குரல் எழ வேண்டும். தொழிலாளர் வரலாற்றில் அந்தக் குரல் சட்டமாக எழுந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரைமணி ஓய்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று வகுத்தது. மலைத் தோட்டங்களில் காபிப் பழம் பறிக்கும் பெண்கள் நண்பகலில் கூடையை இறக்கிவிட்டுப் பலா மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது, யாருக்கும் குற்ற உணர்வு வருவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள். அது அவர்களின் உரிமை. அவர்களுடைய பிள்ளை சமவெளியில் பயிற்சி மையத்துக்குப் போனால் அந்த உரிமை அங்கே இல்லை.

மாணவர்களுக்காகவும் சில குரல்கள் எழுந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் ராஜஸ்தானின் கோட்டா நகரில் மாணவர் தற்கொலைகள் தொடர்ந்தபோது, பயிற்சி மையங்களின் தேர்வுகளை இரண்டு மாதங்களுக்கு நிறுத்தி வைக்க மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது: நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்குமேல் வகுப்பு கூடாது, அதிகாலையிலோ இரவு வெகுநேரமோ வகுப்பு வைக்கக் கூடாது, வார விடுமுறை கட்டாயம், விடுமுறைக்கு மறுநாள் தேர்வு கூடாது, 16 வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கக் கூடாது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், மாணவர்களின் மனநலத்துக்காகப் பயிற்சி மையங்களும் விடுதிகளும் பின்பற்ற வேண்டிய 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைப் பிரித்து வைப்பதையும் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துவதையும் தவிர்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

காகிதத்தில் இவை நல்லவை. ஆனால் அந்தப் பெண்ணின் கால அட்டவணையில் இவற்றின் நிழல்கூட இல்லை. தோட்டத்துக்குத் தொழிலாளர் ஆய்வாளர் வருவதுபோல், பயிற்சி விடுதிக்கும் யாராவது வந்து கால அட்டவணையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழக அரசு இதற்கென ஓர் ஏற்பாட்டைச் செய்வது கடினமன்று. கட்டணப் பட்டியலோடு கால அட்டவணையையும் தூங்கும் நேரத்தையும் வெளிப்படையாக அறிவிக்கச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பெற்றோரும் சேர்க்கையின்போது தேர்ச்சி பெற்றவர்களின் படங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். நூறு பெற்றோர் கேட்டால் அட்டவணை மாறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,000-க்கும் மேற்பட்டோர். அவை அனைத்துக்கும் தேர்வு காரணமன்று. ஆயினும், தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால், அது ஓய்வு தந்து காத்திருக்கும் கட்டம் அன்று. உடனே மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்ல வேண்டிய கட்டம். 14416 என்ற எண்ணில் அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை எந்நேரமும் கிடைக்கிறது. அழைப்பதில் இழிவு ஏதும் இல்லை.

அந்தப் பெண் இரண்டாம் நாள் மதிய உணவுக்குப்பின் திண்ணையிலேயே தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்று அவள் தாத்தாவிடம் சொன்னேன். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்தவள் பதறிப்போய்ப் புத்தகத்தைத் தேடினாள். பிறகு தேநீர் குடித்தாள். இரவு ஒரு மணி நேரம் படித்தாள். "காலையில் விட்ட பாடம் புரிந்துவிட்டது, தாத்தா" என்று ஏதோ அதிசயம் நடந்ததுபோல் சொன்னாள். ஊருக்குத் திரும்பியபின் அவள் தாத்தா மையத்தில் பேசி, இரவு 10 மணிக்குப் படுக்கவும் காலை 6 மணிக்கு எழவும் அவளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறார். அவளுக்கு இடம் கிடைக்குமா என்பது மே மாதத்துக்குப் பிறகு தெரியும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதன்பின் வாழ வேண்டிய அறுபது ஆண்டுகள் அவளுக்கு இருக்கின்றன.

நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் தினமும் தொலைபேசியில் கேட்கப்படும் முதல் கேள்வி, "இன்று எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்பதுதான். இனி அதை மாற்றி, "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.